சுவர் ஓட்டையில உட்கார்ந்த கீரைக்காரி

ஜெபம் பண்ணியாச்சு இல்ல? சரி, இப்படி வந்து படு. இந்தக் கதையை எனக்கு முதல்ல சொன்னது உங்க தாத்தாவோட அக்கா, கிரேஸ்மணி. அப்போ உங்கம்மா என் வயித்துல ஏழு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குக் காத்துக்கிட்டு பெஞ்சில உட்கார்ந்திருந்தோம், அப்பச் சொன்னாங்க. நீ ம் கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திடுவேன்.

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்துது. நாவல்தாங்கல்னு பேரு. முதல்ல அங்க ஒண்ணுமே இல்ல. ஒரு வேப்பமரம், ஒரு மஞ்சப் பலகை, அவ்வளவுதான். கரி இஞ்சின் "கூ..."ன்னு கத்திக்கிட்டு வரும், "புஸ்ஸ்"னு நிக்கும், நாலு பேரை ஏத்திக்கிட்டுப் போகும். அப்புறம் மேல கம்பி இழுத்தாங்க, கரெண்டு வண்டி வந்துது. அப்புறம் ரெண்டு பிளாட்பாரம், டிக்கெட் குடுக்கிற ஜன்னல், குடிதண்ணிக் குழாய், மேல நடைபாலம், இவ்வளவு பெரிய கடிகாரம். பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. லேடீஸ் பெட்டி தனி, கூடைக்காரங்க பெட்டி தனி. ம்?

அந்த ஊர்ல அஞ்சலாட்சின்னு ஒரு கீரைக்காரி. விடியக்காலம் கீரையைப் பிடுங்கி, கூடையில அடுக்கி, அஞ்சே முக்கால் வண்டி பிடிச்சா ஏழு மணிக்கு டவுன்ல இருப்பா. கீரை பச்சைப் பசேல்னு இருக்கும். அதுலதான் அவ வீட்டு அடுப்பு எரியணும்.

அப்போ என்னாச்சு, ரயில்வே பெரிய ஆபீஸ்ல இருந்து ஒரு காகிதம் வந்துது. "நாவல்தாங்கல்ல ஆளே ஏறுறதில்லையாம். மூணு நாள் எண்ணிப் பாருங்க. ஒரு நாளாவது முந்நூறு பேர் வரலைன்னா இனிமே வண்டி அங்க நிக்காது."

அஞ்சலாட்சிக்குத் திக்குன்னுச்சு. அடுத்த ஸ்டேஷன் மூணு மைலு. கூடையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல நடந்தா கீரை தொவண்டு போயிடும். அதை யாரு வாங்குவா? ஆனா அவ பயந்தவ இல்ல. "ஊரே இந்த வண்டியிலதான் போகுது. நல்லா எண்ணட்டும்"னுட்டா.

ஆளுங்களை எண்ற சார் ஒருத்தர் வந்தார். வாசல்ல ஸ்டூல் போட்டு, கையில ஒரு அமுக்கிற மிஷினோட உட்கார்ந்தார். ஒரு ஆள் வந்தா "டிக்". முதல் நாள் சாயங்காலம் அஞ்சலாட்சி போய்க் கேட்டா.

"எத்தனை பேர் சார்?"

"பதினொண்ணும்மா. அதுல ரெண்டு பேரு வழி கேக்க வந்தவங்க."

"என்னது! பிளாட்பாரம் பூரா சனம் நின்னுச்சே!"

"வாசல்ல வர்றவங்களைத்தான் எண்ணணும்னு உத்தரவு."

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. வாசல் இருக்கிறது முன்பக்கம். வீடுங்க எல்லாம் பின்பக்கம். வாசலுக்குச் சுத்தி வந்தா கால் மணி நேரம். அதனால பின்சுவர்ல ஒரு ஓட்டை. யாரு போட்டாங்களோ, ஊரே அதுலதான் பூந்து வரும். எல்லார்கிட்டயும் சீசன் டிக்கெட், ஜன்னல் பக்கமும் யாரும் போறதில்ல. ம் எங்க? ஆங்.

அப்புறம் அவ அன்னைக்கே வீடு வீடாப் போய்ச் சொன்னா. "நாளைக்கு ஒரு நாள் வாசல் வழியா வாங்கய்யா." எல்லாரும் "சரிக்கா, சரிக்கா"ன்னாங்க. ரெண்டாம் நாள் என்னாச்சு தெரியுமா? நாம ஒருத்தர் போகலைன்னா என்னன்னு ஒவ்வொருத்தரும் ஓட்டையில பூந்துட்டாங்க. அதை விடு, அஞ்சலாட்சியே கூடையை இறக்கி, ஓட்டையில பூந்து, பிளாட்பாரத்துல நின்னுட்டா! வண்டி ஏறி உட்கார்ந்தப்புறம்தான் "அட கடவுளே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. காலு தானா இழுத்துட்டுப் போயிடுச்சு. அன்னைக்கு எண்ணிக்கை ஒம்போது.

மூணாம் நாள். விடியலை இன்னும். அஞ்சலாட்சி கீரைக்கூடையோட போய் ஓட்டைக்கு நடுவுல சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. அஞ்சே முக்கால் வண்டி "தடக் தடக்"னு வந்து போச்சு. அவ எழுந்துக்கலை.

கம்பெனிக்குப் போற பாண்டுரங்கன் வந்தான். "நகருக்கா, நேரமாவுது."

"வாசல் அந்தப் பக்கம்."

"உங்க தாத்தா கட்டின ஸ்டேஷனா இது?"

"இல்லடா, உன் மாமியா சீதனமாக் குடுத்தது. போ, சுத்திப் போ."

பின்னாடி நின்ன பொம்பளைங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. அவன் மொணமொணன்னுக்கிட்டே சுத்தி நடந்தான். அவன் பின்னாடி பத்து பேர், அப்புறம் நூறு பேர்.

அப்போ வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் வேகமா வந்தார். யாருன்னு நினைக்கிறே? எண்ற சாரேதான்! அவர் மச்சினன் வீடு பின்பக்கம். அங்க தங்கிக்கிட்டு முன்ன ரெண்டு நாளும் அவரும் ஓட்டையிலதான் பூந்து வந்திருக்கார்.

"வழி விடும்மா, நான் எண்றதுக்குப் போகணும்."

"எண்ற ஆளே ஓட்டையில பூந்தா எங்களை யாரு சார் எண்ணுவா?"

சாருக்கு முகம் செவந்து போச்சு. அப்புறம் சனத்தோட சனமா அவரும் சுத்தி நடந்தார். வாசல்ல முதல் "டிக்" அவருக்கு அவரே அமுக்கிக்கிட்டார். அப்புறம் டிக் டிக் டிக் டிக்... ஸ்டூல்ல உட்காரவே முடியலை. பத்து மணிக்கு எண்ணூத்தி எழுபது. கட்டை விரல் வீங்கிப் போச்சு.

அன்னைக்குக் கீரை பூராத் தொவண்டு போச்சு. ஆட்டுக்குப் போட்டுட்டா. சார் வந்து, "நீ எண்ணிக்கையில வரலையேம்மா"ன்னார். "பரவாயில்ல சார், நான் இருக்கிறது உங்களுக்குத் தெரிஞ்சுதில்ல"ன்னா.

தெரிஞ்சுதுதான். அவர் அந்தச் சுவர் ஓட்டையைப் பத்தியும் ஒளிக்காம எழுதிட்டார், தான் பூந்து வந்ததையும் சேர்த்து. வண்டி அங்க நிக்கட்டும்னு உத்தரவு வந்துது, இன்னிவரைக்கும் நிக்குது. அப்புறம் ஆறு மாசத்துல, ஓட்டை இருந்த இடத்துலயே சுவரை இடிச்சு அகல வாசல் வச்சாங்க. பக்கத்துலயே ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு லைட்டு. திறந்த அன்னைக்கு ஊர் சனம் ஒதுங்கி நின்னு, "நீ முன்ன போக்கா"ன்னாங்க. அத்தனை வருஷமா கூடையை இறக்கி, குனிஞ்சு, முட்டி சிராய்ச்சுப் பூந்தவ, அன்னைக்குத் தலையில கூடையோட நிமிர்ந்து உள்ள போனா. அஞ்சே முக்கால் வண்டி அவளுக்காகவே வந்த மாதிரி வந்து நின்னுது.

வண்டியும் கிளம்பியாச்சு, கதையும் கிளம்பியாச்சு. தூங்கு கண்ணு. காலை மட்டும் என் மேல இருந்து கொஞ்சம் எடுத்துக்கோ, மரத்துப் போச்சு.