பங்குச் சட்டமும் பெருச்சாளியின் இரகசியமும்

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளி இருந்தது. பெருச்சாளி தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும் என்று உலகம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. குழந்தைகளே, இது மாபெரும் பிழை. கனத்த மனத்தோடு திருத்த வேண்டியிருக்கிறது. இந்தப் பெருச்சாளியின் வளையைத் தோண்டியது முள்ளி என்ற முள்ளம்பன்றி.

காலைமுதல் மாலைவரை தோண்டினால் கூலி ஒரு கிழங்கு. முள்ளியின் இரண்டு குட்டிகளும் அதை ஆளுக்குப் பாதியாகத் தின்றுவிட்டு, "இன்னும் இருக்கிறதா, அம்மா?" என்று கேட்கும். இருக்காது.

அந்தக் கோடையில் தலைவர் யானை ஒரு புதுச் சட்டத்தை முன்வைத்தது. பொதுத் தோப்பில் விளைவதில், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வோர் உயிருக்கும் தினமும் ஒரு பங்கு உண்டு. சட்டம் வேண்டும் என்பவர்கள் ஆலமரத்து நிழலில் நிற்க வேண்டும். வேண்டாம் என்பவர்கள் வெயிலில். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ, அதுவே முடிவு.

முள்ளிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் முடிவுக்கு முந்தின நாள் பெருச்சாளி அதன் காதருகே வந்தது.

"முள்ளி, நீ என் கூடப் பிறந்தவள் மாதிரி. அதனால் சொல்கிறேன். பங்கு வாங்கினால் முள்ளையெல்லாம் பிடுங்கிவிடுவார்களாம். சட்டத்திலேயே இருக்கிறது."

"ஐயோ! நிஜமாகவா, அண்ணே?"

"உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடாதே."

முள் இல்லாமல் குட்டிகளை எப்படிக் காப்பது? மறுநாள் உச்சிவேளையில் முள்ளி வெயிலில் போய் நின்றது. பார்த்தால், காடே வெயிலில் நின்றது! நிழலில் யானை மட்டும் காதை ஆட்டிக்கொண்டிருந்தது.

குளம்பு சுட்டுக் குதித்துக்கொண்டிருந்த மான், முள்ளியை முறைத்தது. "உனக்கென்னடி இங்கே வேலை? பங்கு முழுவதும் முள்ளம்பன்றிகளுக்குத்தானே! நிழலுக்குப் போய் அனுபவி."

"எனக்கா? வாங்கினால் என் முள்ளைப் பிடுங்குவார்களே!"

"முள்ளையா?" என்றது மயில். "தோகையை அல்லவா அறுப்பார்கள்?"

"என் முதுகோட்டை..." என்று தொடங்கிய ஆமை, "சொல்லக் கூடாது, இரகசியம்!" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

முள்ளிக்கு முட்கள் சிலிர்த்தன. "ஆமை மாமா, 'உன்னிடம் மட்டும்தான்' என்று பெருச்சாளி உங்களிடமும் சொன்னதா?"

"அட, உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் அதே சொல்தான்!" என்றது மான். "எனக்கும்!" என்றது மயில்.

முள்ளி உரக்கக் கேட்டது: "தலைவரே! முள், தோகை, ஓடு என்று சட்டத்தில் ஏதாவது உண்டா?"

"ஆமையோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், உட்காரவா?" என்றது யானை. "ஆளுக்கொரு பங்கு. அவ்வளவுதான் சட்டம்."

எல்லாக் கண்களும் பெருச்சாளியின் பக்கம் திரும்பின.

"காட்டின் நன்மைக்குத்தான் சொன்னேன்!" என்று கீச்சிட்டது பெருச்சாளி. "சும்மா சோறு கிடைத்தால் எவன் வேலை செய்வான்?"

"நான் செய்வேன், அண்ணே," என்றது முள்ளி. "ஆனால் கூலி பேசிவிட்டுச் செய்வேன்."

சொல்லிவிட்டு அது நிழலை நோக்கி நடந்தது. மான் ஒரே பாய்ச்சலில் அதை முந்தியது. மயில் அகவிக்கொண்டே ஓடியது. கடைசியாக ஆமையும் நிழலைத் தொட்டபோது, காடு அதிர ஆரவாரம் எழுந்தது. வெயிலில் பெருச்சாளி மட்டும் நின்றது.

அன்று மாலை முள்ளியின் குட்டிகள், "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்கவில்லை. வயிறு நிறைந்து தூங்கிவிட்டன.

மறுநாள் பெருச்சாளி தன் வளையைத் தானே தோண்டியது.

நீதி: காதோடு காதாக வந்த செய்தியை, நம்புமுன் ஊர் கூடிய இடத்தில் உரக்கச் சொல்லிப் பார்.