கடலுக்கு முதுகு காட்டிய கீரி

கடற்கரைத் தாழங்காட்டில் மஞ்சாயி என்றொரு கீரி இருந்தாள். துணையைப் பறிகொடுத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவளுக்கென்று மிஞ்சியது சில்லான் என்ற ஒரே குட்டி. இடத்துக்குப் புதியவள் என்பதால் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

மாலையானால் முயல், உடும்பு, காட்டுப்பன்றி மூவரும் மணல்மேட்டில் கூடி ஊர்க்கதை பேசுவார்கள். அவர்கள் பிள்ளைகள் மேட்டடியில் குழி பறித்து விளையாடும். சில்லானுக்கோ அலை ஓரம்தான் பிடிக்கும். மஞ்சாயி தனியாக உட்கார்ந்து அவனை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மேட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் அவள் காது அங்கேயே போகும். ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் என்ன வாழ்க்கை இது!

ஒருநாள் பன்றி கூப்பிட்டாள். "ஏம்மா, அங்க தனியா உக்காந்து என்ன பண்ற? இங்க வா!"

"குட்டி தண்ணிகிட்ட நிக்கிறானே அக்கா."

"நாங்க இத்தனை பேர் இருக்கோம். பாத்துக்க மாட்டோமா?"

மஞ்சாயிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் அவர்கள் எதிரே, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். மூவரும் உச்சுக் கொட்டிக் கேட்டார்கள். ஏதாவது ஒன்று என்றால் குட்டி கத்துவான் என்று அவளுக்கு ஒரு தைரியம். வாயில் தண்ணீர் புகுந்த பிள்ளை எங்கே கத்தும்?

"அவனுக்கு அப்பன் ஜாடை அப்படியே. பாருங்களேன்" என்று காட்டத் திரும்பினாள்.

கரையில் அவன் இல்லை. நுரைக்குள் ஒரு வால் நுனி மட்டும் தெரிந்தது.

மஞ்சாயி விழுந்தடித்து ஓடினாள். அடுத்த அலை இழுப்பதற்குள் பிடரியைக் கவ்விக் கரையில் போட்டாள். குட்டி அசையவில்லை. அவள் உருட்டினாள், நக்கினாள், அழுதாள். கடைசியில் அவன் தண்ணீரைக் கக்கி இருமினான்.

உடும்பு பார்த்துக்கொள்வாள் என்று நினைத்ததாக முயல் சொன்னாள். உடும்பு பன்றியைக் கை காட்டினாள். பெற்றவளே சும்மா இருந்தபோது தனக்கென்ன என்று பன்றி முனகினாள்.

"நான் உன்னையே பாத்தேம்மா" என்றான் சில்லான். "நீ திரும்பவே இல்ல."

மறுநாளும் கூப்பிட்டார்கள். மஞ்சாயி போனாள், ஆனால் கடலைப் பார்த்தே உட்கார்ந்தாள். முதுகோடு பேச யாருக்குப் பிடிக்கும்? இரண்டே நாளில் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். மறுபடி தனிமைதான். அது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் சில்லான் அலை ஓரத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் ஓரம் பிள்ளையை விளையாட விட்டவர்கள், ஊரே உடனிருந்தாலும், தங்கள் கண்ணை அதன்மேல்தான் வைத்திருக்க வேண்டும்.