தேன் பூசிய எழுத்து

கரடிக் கிழவர் மாடனுக்குக் கடைசிக் காலத்தில் நடை போய்விட்டது. கூட இருந்து பார்த்தவள் மகள் காத்தாயி. கிழங்கு தோண்டி வந்து ஊட்டியதும் அவள்தான், முதுகில் ஏறிய உண்ணியைப் பிடுங்கியதும் அவள்தான். மகன் வீரணன் அடுத்த மலையில் இருந்தான். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒருநாள் கிழவர் குகை வாசலில் நின்ற வேங்கை மரத்தில் நகத்தால் உயில் கீறினார். "குகை மகளுக்கு. தேன்பாறை மகனுக்கு." எட்டிப் பார்க்காதவனுக்கும் பங்கு வைத்தார் பாருங்கள், பெற்ற மனசு! வேங்கையைக் கீறினால் இரத்தம்போலச் சிவப்பாக வடியும். போகப் போக அதெல்லாம் காய்ந்து எழுத்து கறுத்துவிட்டது.

கிழவர் கண்ணை மூடினார். காத்தாயி குட்டிகளோடு இரை தேடிவிட்டுத் திரும்பினால், வாசலில் வீரணன் நிற்கிறான். பக்கத்தில் சித்தப்பா கரடி.

"மரத்தைப் படிச்சுப் பாரு, தங்கச்சி" என்றான் வீரணன்.

படித்தாள். "குகை மகனுக்கு. தேன்பாறை மகனுக்கு." அப்பா அவள் கண்ணெதிரே கீறிய உயில் அது! சித்தப்பாவைப் பார்த்தாள். அவரோ, அண்ணன் கடைசியில் மனசு மாறிவிட்டார், நானே பார்த்தேன் என்று கூசாமல் ஒத்து ஊதினார். அன்றைக்கே குகையைக் காலி செய்யச் சொன்னார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பால்குடி மறக்காத குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

ஓடிப்போய், காட்டுக்கு வழக்குத் தீர்க்கும் யானையைக் கையோடு அழைத்து வந்தாள்.

"எல்லாமே மகனுக்குன்னா, ஒரே வரியில முடிச்சிருப்பாரே ஐயா! மகனுக்கு, மகனுக்குன்னு எதுக்கு ரெண்டு தடவை கீறணும்?" என்று கேட்டாள்.

வயசானவர், தடுமாறியிருப்பார் என்றான் வீரணன். யானை யோசித்தது. அதற்குள் மரத்தில் சாரை சாரையாக எறும்பு ஏறியது. மற்ற எழுத்தையெல்லாம் தாண்டிப் போய், முதல் வரியில் 'னு' என்ற ஒரே எழுத்தில் மட்டும் மொய்த்தது.

யானை ஊதியது. எறும்பு பறந்தது. தும்பிக்கையால் தேய்த்தது. தேன்மெழுகு உதிர்ந்தது. உள்ளே பச்சைக் காயம், சிவப்பாகக் கசிந்தது!

'மகளுக்கு' என்பதிலிருந்த 'ளு'வைச் சுரண்டி 'னு' ஆக்கியிருக்கிறான் பாவி. வடிந்த சிவப்பை மறைக்க அவனுக்குச் சேறு தோன்றவில்லை. கரடிப் புத்தி, கையில் இருந்த தேன்மெழுகை எடுத்து அப்பிவிட்டான்.

"செத்தவர் எழுந்து வந்து கேக்க மாட்டார்ங்கிற தைரியம்தானே உனக்கு?" என்று யானை பிளிறியது. உயிலில் கை வைத்தவனுக்கு அந்த உயிலில் பங்கே கிடையாது, தேன்பாறையும் காத்தாயிக்குத்தான் என்று தீர்ப்புச் சொன்னது. பொய் சாட்சி சொன்ன சித்தப்பாவுக்கு இனி எந்த வழக்கிலும் வாய் திறக்க உரிமை இல்லை என்றது.

வீரணன் தங்கையிடம் கெஞ்சினான். நீயாவது ஒரு வார்த்தை சொல்லு என்றான்.

"உனக்கும் அப்பா ஒரு வரி எழுதியிருந்தார் அண்ணே. அதை நீதான் அழிச்சே" என்று சொல்லிவிட்டு, காத்தாயி குட்டிகளோடு குகைக்குள் போனாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

இறந்தவர் எழுதி வைத்ததைத் திருத்தி அடுத்தவர் பங்கைத் திருடப் பார்ப்பவன், தன் பங்கையும் சேர்த்தே தொலைப்பான்.