குட்டைத் தண்ணீர் போன வழி

மருதமரக் காட்டில் ஒரு குட்டை. தவளை, ஆமை, நண்டு மூன்றும் அதில் குடியிருந்தன. தவளையின் குஞ்சுகளான தலைப்பிரட்டைகளும் அங்கேதான் நீந்தின. அவற்றுக்கு இன்னும் கால் முளைக்கவில்லை.

ஒரு கோடையில் தண்ணீர் மளமளவென்று இறங்கியது. மழைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"எல்லாம் அந்தக் காட்டெருமையின் வேலை! தினமும் வந்து வயிறு முட்டக் குடிக்கிறது!" என்று தவளை கத்தியது.

நண்டு மெல்லத் தன் வளைக்குள் நழுவியது.

மாலையில் காட்டெருமை வந்தது. தவளை அதை வழிமறித்தது.

"திருட்டு எருமையே, இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே!"

"தாகத்துக்குத்தானே குடித்தேன்?" என்றது காட்டெருமை. அது திரும்பிப் போய்விட்டது.

மறுநாளும் தண்ணீர் இறங்கியது. அதற்கு மறுநாளும்.

"இப்போது யாரைத் திட்டுவாய்?" என்று ஆமை கேட்டது.

"வெயிலைத்தான்! அதுதான் உறிஞ்சுகிறது!"

"பார்த்துவிடலாம்."

கரைப் பாறையில் ஒரு குழி இருந்தது. ஆமையும் தவளையும் வாயில் தண்ணீர் கொண்டுவந்து அதை நிரப்பின. குழியிலும் குட்டையிலும் தண்ணீர் நின்ற மட்டத்தில் ஆமை சேற்றால் கோடு போட்டது.

அடுத்த நாள் குழியில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. குட்டையிலோ ஐந்து விரற்கடை!

"இரண்டின் மேலும் ஒரே வெயில்தான் அடித்தது. மிச்சத் தண்ணீர் எங்கேயோ ஒழுகுகிறது. தண்ணீர் அலையாமல் இருக்கட்டும், யாரும் அசையாதீர்கள்!" என்றது ஆமை.

அது செம்மண்ணைக் கவ்வி வந்து, கரையோரமாகத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. மூன்று இடங்களில் மண் அப்படியே கலங்கி நின்றது. நான்காவது இடத்தில் நூல்போல நீண்டு கரைக்குள் நுழைந்தது. அங்கே ஒரு வளை இருந்தது.

"ஐயோ, இது நண்டின் வளை!" என்றது தவளை.

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. "தோண்டும்போது கரைக்கு வெளியே ஓட்டை விழுந்துவிட்டது. எனக்கு அன்றைக்கே தெரியும்."

"தெரிந்துமா வாயை மூடிக்கொண்டிருந்தாய்? என் குஞ்சுகள் செத்திருக்குமே!"

"தண்ணீர் குடித்ததற்கே எருமையைத் துரத்தினாய். வளை தோண்டிய என்னை என்ன செய்திருப்பாய்?"

தவளை முதல் ஆளாகக் களிமண் எடுக்கப் போனது.

மூன்றும் சேர்ந்து களிமண்ணை உருட்டி வளையை அடைத்தன. ஒழுக்கு நின்றது. சில நாளில் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைத்தது.

தவளை காட்டெருமையைத் தேடிப் போனது. அது தொலைவில் ஓர் ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தது.

"தப்பு என்மேல்தான். திரும்பி வந்துவிடு!" என்றது தவளை.

"உன் குஞ்சுகள் பிழைத்ததில் சந்தோஷம்" என்றது காட்டெருமை. "ஆனால் இங்கே நான் எத்தனை வாய் குடிக்கிறேன் என்று யாரும் பார்ப்பதில்லை."

தவளை தனியாகத்தான் திரும்பி வந்தது.

எங்கே கோளாறு என்று பார்க்காமல் யார்மேல் பழி போடலாம் என்று பார்த்தால், உண்மை தெரிந்தவர்களும் பயந்து வாய் திறக்கமாட்டார்கள்.