பொத்திய வாயும் கழன்ற சக்கரமும்

கோளரி மன்னருக்குக் காட்டுக்கு வேட்டையாடப் போனாலும் சொந்தக் கட்டிலில் படுத்தால்தான் தூக்கம் வரும். ஆகவே கட்டில், ஜன்னல், அடுப்பு எல்லாம் வைத்து, மாடு இழுக்கும் வண்டிவீடு ஒன்றைத் தம் கையாலேயே கட்டத் தொடங்கினார். ‘தம் கை’ என்ற சொல்லுக்கு அரண்மனை அகராதியில் ‘தச்சர்களின் கை’ என்று பொருள். சக்கரங்களை மட்டும் மெய்யாகவே மன்னர் கை மாட்டியது.

முதலில் கூரை சரிந்தது. பிறகு, வண்டி பட்டறை வாசலைவிட அகலம் என்று தெரிந்தது. குற்றம் வாசலுடையது என்று தீர்ப்பாகி, அதை இடித்தார்கள். அடுத்து, சுத்தியல் மன்னரின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது.

“கொஞ்சம் அச்சம் இருக்கட்டும், மகாராஜா,” என்றார் தலைமைத் தச்சர் மாடக்கண்ணு ஆசாரி. “உளியை நெஞ்சுக்கு நேரே பிடிக்காதீங்க. மரத்தூள் பறக்குது, மூக்குல துணி கட்டிக்குங்க.”

“சிங்கத்துக்கு அச்சமா? இனி இங்கே எவனாவது ‘அச்’ என்று வாய் திறந்தால் நாடு கடத்துவேன்!”

“திறக்கும் முன்பே பொத்திவிடுகிறேன், பிரபு!” என்றார் சேனாபதி வில்லவராயர். போர் இல்லாத நாட்டுச் சேனாபதிக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

வெள்ளோட்ட நாள் வந்தது. மன்னர் வண்டிக்குள் கட்டிலில் சாய்ந்தார். சக்கரத்தைப் பார்த்த ஆசாரி பதறி ஓடிவந்தார்.

“மகாராஜா, அச்—”

மீதியைச் சேனாபதியின் உள்ளங்கை விழுங்கியது. வண்டி கிளம்பியது. ஒரு சக்கரம் மட்டும் வேட்டைக்குப் போனது. மன்னர் கட்டிலோடு தாமரைக் குளத்துக்குப் போனார்.

“சக்கரம் கழலும் என்று தச்சனுக்குத் தெரியாதா? சொல்லாமல் மறைத்தான்! குடும்பத்தோடு நாடு கடத்துங்கள்!”

ஆசாரி வாய் திறக்கவில்லை. அந்த எழுத்துகளுக்குத் தடை இன்னும் நீங்கவில்லையே!

அவையில் பேச்சுக்குப் பேர்போன குழைக்காதர் எழுந்தார். “விசாரித்துவிட்டுக் கடத்துவோம், பிரபு. விசாரணை பட்டறையிலேயே நடக்கட்டும்.”

பட்டறையில், “ஆசனத்தைத் துடைக்கிறேன்” என்று குழைக்காதர் மேல்துண்டை ஓங்கி உதறினார். மரத்தூள் மேகமாய் எழுந்தது. மன்னரின் மூக்கு சிவந்தது. வாய் பிளந்தது.

“அச்—”

சேனாபதி பழக்கதோஷத்தில் பாய்ந்து பொத்தினார். மன்னரின் விழிகள் பிதுங்கின.

“எடடா கையை! தும்மல் வந்தால் பொத்துவாயா?”

குழைக்காதர் பணிந்து சொன்னார்: “ஆசாரிக்கு அச்சாணி வந்தது, பிரபு. அதையும் இவர்தான் பொத்தினார்.”

மன்னர் பாக்கித் தும்மலையும் சிரிப்பையும் சேர்த்தே வெளியிட்டார். ஆசாரி ஊரிலேயே இருந்தார். குழைக்காதருக்குப் பட்டுத் துண்டு கிடைத்தது. மறுநாள் முதல் பட்டறையில் எல்லோருக்கும் துணிக்கட்டு: மற்றவர்களுக்கு மூக்கில், வில்லவராயருக்கு மட்டும் கையில்.