கிணற்றுப் பணத்துக்கு வரி

மழை பொய்த்த வருடம், குருந்தாயிக்குக் கிணறு வெட்ட அரசர் அறுபது பொன் மானியம் கொடுத்தார். அடிக்கு ஒரு பொன் கூலி. ஐம்பதடி வெட்டியும் ஈரம் தட்டவில்லை. கையில் பத்துப் பொன் மிச்சம் இருந்தபோது, தொப்பை முன்னே வர, வரி அதிகாரி அகோரமூர்த்தி பின்னே வந்து சேர்ந்தார்.

"அறுபது பொன் வருமானம் வந்திருக்கு. ஆறில் ஒரு பங்கு வரி. எடு பத்தை!"

"கிணறு வெட்டக் கொடுத்த காசு வருமானமா, சாமி? இதையும் எடுத்தா எனக்கு மிஞ்சுறது வெறும் பள்ளம்தான்."

"கைக்கு வந்ததெல்லாம் வருமானம். தராவிட்டால் உன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போவேன்."

குருந்தாயி ஊரார் முன்னால் பொன்னை எண்ணிக் கொடுத்தாள். 'கிணற்று மானியத்தில் பத்துப் பொன் பெற்றேன்' என்று அவரிடமே எழுதியும் வாங்கினாள். பிறகு மானியத்தோடு வந்த அரசாணையைக் கணக்குப்பிள்ளையிடம் நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார்: "இம்மானியத்தில் பணம் பெற்றவர் எவரானாலும் பொன்னுக்கு ஓரடி வெட்ட வேண்டும். தவறினால் நூறு கசையடி."

அகோரமூர்த்தி பொன்னை அவளிடமே நீட்டினார். "இந்தா, நீயே வச்சுக்கோ."

"ஐயோ, வேண்டாம் சாமி! திரும்ப வாங்கினா அதுவும் என் கைக்கு வந்த வருமானமாச்சே. அதுக்கு வரி கட்ட நான் எங்கே போவேன்?" என்று கடப்பாரையை அவர் கையில் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் கிணற்றுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. ஊற்று அவர் இடுப்புவரை ஏறியிருந்தது. ஊரார் கயிறு விட்டார்கள். ஆனால் யாரும் அவசரப்படவில்லை.