பலாப்பழத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ்

அறிவுடையான்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. அப்படிப் பெயர் வைத்தவனுக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள். மூன்று பேர் மண்டையையும் தட்டி உதறினால் ஒரு பிடி மூளை தேறாது. ஆனால் மூவரும் கூடி உட்கார்ந்து யோசிக்கிற அழகைப் பார்த்தால், நாட்டின் தலையெழுத்தையே மாற்றி எழுதுகிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

தலைமையாசிரியர் நல்லபெருமாள். ஊருக்கெல்லாம் அவர் 'பெரிய சார்'. கணக்கு வாத்தியார் அம்பலவாணன். மற்ற பாடங்கள் எதுவும் வராது என்பதால் அவருக்குக் கணக்கைக் கொடுத்திருந்தார்கள். கணக்கும் வராது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. மூன்றாவது செங்கமலம் டீச்சர். பெரிய சார் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் "என்ன சார் சொன்னீங்க?" என்று கேட்பார்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்து சேர்ந்தது. குரங்கு கையில் பூமாலை என்பார்கள். குரங்காவது அதைப் பிய்த்துப் பார்க்கும்.

திருமேனி என்கிற அதிகாரி நேரில் வந்து போர்டை மாட்டிக் கொடுத்தார்.

"இனிமே தரவுப் பாடமெல்லாம் இதுலதான். பிள்ளைங்களே விவரம் திரட்டணும். யாருக்கு என்ன பிடிக்கும், எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் வரலை, இந்த மாதிரி. அதைப் பதிஞ்சா போர்டு பட்டைப் படமா வரைஞ்சு காட்டும். வாசல்ல கேமரா வச்சிருக்கேன். உள்ள வர்ற முகத்தைப் பாத்து வருகைப்பதிவை அதுவே போட்டுக்கும்."

"நாங்க என்ன செய்யணுங்க?" என்று பெரிய சார் கைகட்டிக் கேட்டார்.

"பிள்ளைங்க விரலால தொட்டாப் போதும், பாடம் வரும். அடுத்த மாசம் நான் வந்து டேப்லெட்ல பரீட்சை வைப்பேன். பட்டையில முன்னேற்றம் தெரியணும். தெரியலைன்னா இதைக் கழட்டி ஓணாங்குளத்துக்குக் குடுத்துருவேன். அங்க ஒண்ணு இருக்கு, இதையும் சேத்து மாட்டிக்கிடட்டும்."

ஓணாங்குளம் என்றதும் பெரிய சார் கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார். அங்கே தலைமையாசிரியர் கோவர்த்தனன், அவருடைய சொந்தச் சகலை. மாமியார் வீட்டு விசேஷத்தில் முதல் இலை எப்போதும் கோவர்த்தனனுக்குத்தான். பாயசத்தில் முந்திரி மிதப்பதும் அவருக்குத்தான். பெரிய சாருக்கு வரும்போது வாளியின் அடி தெரியும். இப்போது போர்டும் அங்கே போய்விட்டால் அந்த வீட்டில் இலையே போட மாட்டார்கள். இந்தப் பயம் அவரைப் பிடித்து உலுக்கியது.

மறுநாளே பாடம் ஆரம்பமாயிற்று. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராக வந்து போர்டை ஒரு விரலால் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். செங்கமலம் டீச்சர் முண்டியடித்தவர்களை அதட்டினார்.

"எல்லாரும் தொட்டாச்சா?" என்றார் பெரிய சார்.

"தொட்டாச்சுங்க சார்."

"அப்ப பாடம் வந்திருக்கும். வெளிய விளையாட விடு."

வாரம் முழுவதும் தொட்டார்கள். போர்டில் விரல் அழுக்கைத் தவிர வேறொன்றும் வரவில்லை. கடைசியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தெரியாமல் சரியான இடத்தைத் தொட்டுவிட, 'உங்களுக்குப் பிடித்த பழம் எது?' என்று போர்டு கேட்டது. பெரிய சார் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு பழத்தைத் தொட்டார்கள். மாம்பழப் பட்டை கிடுகிடுவென்று ஏறியது. வாழை பாதி ஏறி நின்றது. கொய்யா முழங்கால் உயரம். பலா மட்டும் அசையவே இல்லை, தரையோடு கிடந்தது.

மூன்று ஆசிரியர்களும் அதை வெகு நேரம் பார்த்தார்கள். பட்டை என்றால் என்ன என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கே எண்ணைப் பார்த்தாலும் அது மார்க் என்று எடுத்துக்கொள்வது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். வீட்டில் காய்ச்சல் கூடினால்கூட 'நல்ல முன்னேற்றம்' என்று சொல்லக்கூடிய ஆட்கள்.

"அம்பலவாணா, அந்தக் கடைசியில கிடக்குறது யாரு?"

"பலாங்க சார்."

"எவ்வளவு எடுத்திருக்கு?"

"முட்டைங்க சார்."

"ஃபெயிலா? நம்ம பள்ளிக்கூடத்துலயா?" பெரிய சார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அது மொதல்லேர்ந்தே மந்தம்தாங்க சார்" என்றார் செங்கமலம் டீச்சர். "தோலைப் பாத்தாலே தெரியலையா? மாம்பழத்துக்கு அப்படியில்ல, வீட்டுல நல்ல கவனிப்பு."

"கவனிக்காம விட்டது நம்ம தப்பு. இன்னைக்கே ஸ்பெஷல் கிளாஸ் போடுங்க."

சந்தையிலிருந்து ஒரு முழுப் பலாப்பழத்தை வாங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சாயங்காலம் பிள்ளைகள் போனபின் அம்பலவாணன் அதற்கு இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்கினார். பலாப்பழம் பேசாமல் கேட்டுக்கொண்டது. இவ்வளவு அடக்கமான மாணவனை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அம்பலவாணன் உருகிப்போனார். ஆனால் மறுநாள் போர்டில் பார்த்தால் அதே முட்டை.

"எழுத்து வேலை குடுத்துப் பாத்தீங்களா?" என்றார் பெரிய சார்.

"குடுத்தேன் சார். இடம் விட்டு நகர மாட்டேங்குது."

பழம் நன்றாகப் பழுத்து, வகுப்பறையெல்லாம் மணத்தது. வேறு வழியில்லாமல் அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆசை ஆசையாகத் தின்று, மறுநாள் எல்லாரும் பலாவைத் தொட்டார்கள். பட்டை உச்சிக்குப் போய் முட்டியது. பெரிய சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுப் பார்த்தால் மாம்பழம் தரையில் கிடக்கிறது!

"நல்லாப் படிச்ச பிள்ளை! என்ன ஆச்சு அதுக்கு?" என்று பதறினார்.

"சேர்க்கை சரியில்லைங்க சார்" என்றார் செங்கமலம் டீச்சர்.

உடனே மாம்பழத்துக்கு ஸ்பெஷல் கிளாஸ். கூடை கூடையாக வாங்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டினார்கள். மா ஏறியது, பலா விழுந்தது. வாழையைத் தூக்கினால் மா விழுந்தது. பெரிய சாரின் சம்பளம் பழக்கடைக்குப் போனது. பிள்ளைகளின் வயிறோ எங்கெங்கோ போனது.

மாரிக்கண்ணு என்கிற தாய் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்து நின்றாள். "கணக்குச் சொல்லிக் குடுங்கன்னு அனுப்புனா, இங்க பழக்கடையா நடத்துறீங்க? எம்புள்ள மூணு நாளா சொம்பும் கையுமா அலையுதே! படிச்ச மனுசங்கதானா நீங்க?"

பெரிய சார் அவளைக் கடுமையாகப் பார்த்தார். "அம்மா, உங்க பிள்ளைதான் கொய்யாவைக் கைவிட்டது. அதை முதல்ல கண்டிங்க."

மாரிக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு போனாள். அந்த ஊரில் தலையில் அடித்துக்கொள்வதற்குத் தகுதியுள்ள தலை அது ஒன்றுதான்.

அன்று அம்பலவாணன் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார். "சார், ஒரு பட்டையை ஏத்துனா இன்னொண்ணு இறங்குது. எத்தனை தடவை பண்ணுனாலும் இப்படித்தான். காரணம் இப்பத்தான் புரிஞ்சுது."

"என்ன காரணம்?"

"போர்டு ரிப்பேர் சார்."

திருமேனி வரும் நாள் நெருங்கிவிட்டது. கோவர்த்தனன் கழுத்தில் மாலையும் கையில் போர்டுமாகக் கனவில் வந்து சிரித்தார். நாலு பட்டையைக் கட்டி மேய்க்க நம்மால் ஆகாது, ஒரே ஒரு பட்டையையாவது உச்சியில் ஏற்றி நிறுத்திவிட்டால் போதும் என்று பெரிய சார் ஏங்கினார். அப்போதுதான் போர்டின் ஓரத்தில் இருந்த இன்னொரு படம் கண்ணில் பட்டது. கேமரா தானாகப் போட்டு வைத்த வருகைப் படம். அதில் இரண்டே பட்டைகள். 'வந்தோர்' என்பது கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. 'வராதோர்' ஒரு விரற்கடை உயரம்.

"இத்தனை நாளா இதை யாருமே கவனிக்கலையா?" என்று பெரிய சார் மனம் நொந்து கேட்டார். "பாவம், எவ்வளவு பின்தங்கிக் கிடக்கு!"

"இதுக்கு என்ன பயிற்சி சார் குடுக்குறது?" என்றார் அம்பலவாணன்.

செங்கமலம் டீச்சர் கண்ணை மூடி யோசித்தார். "லீவுங்க சார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு யோசனை அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை பிறந்ததில்லை.

பயிற்சி அன்றைக்கே தொடங்கியது. இதுவரை எந்தப் பாடத்திலும் காட்டாத ஊக்கத்தைப் பிள்ளைகள் இதில் காட்டினார்கள். வீட்டுப்பாடம் கொடுக்காமலே வீட்டிலிருந்து செய்தார்கள். மந்தமான பிள்ளைகள்கூட முதல் நாளிலேயே பிடித்துக்கொண்டார்கள். ரெண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் மறந்துபோய்ப் பையோடு வந்துவிட்டாள். செங்கமலம் டீச்சர் ஓடிப்போய் முந்தானையால் கேமராவை மூடி, "படிக்கிற பிள்ளை மாதிரியா நடந்துக்கிறே? போ வீட்டுக்கு!" என்று விரட்டினார்.

திருமேனி வந்த அன்று பெரிய சார் சலவை வேட்டி கட்டி வாசலில் நின்றார். வகுப்பறை துடைத்துவிட்டாற்போல் காலியாக இருந்தது.

"பிள்ளைங்க எங்கய்யா?" என்றார் திருமேனி.

"ஒருத்தர்கூட இல்லைங்க ஐயா" என்று பெரிய சார் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். "அந்தப் பட்டையைப் பாருங்க."

'வராதோர்' கூரையை முட்டிக்கொண்டு நின்றது. திருமேனியின் மீசை துடித்தது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவர், வந்த காரியத்தை முதலில் முடித்துவிடுவோம் என்று டேப்பில் பரீட்சையைத் தட்டினார். பரீட்சை எழுத ஆள் இல்லை. ஆகவே தவறான விடையும் இல்லை. டேப் ஒரு நொடி சுற்றிவிட்டு, 'தவறுகள்: பூஜ்யம்' என்று காட்டிப் பச்சை நட்சத்திரத்தைத் தூவியது.

திறந்த வாயைத் திருமேனி மூடிக்கொண்டார். சிவப்பு வந்தால் திட்ட வேண்டும், பச்சை வந்தால் பாராட்ட வேண்டும். அவருடைய உத்தியோகமே அவ்வளவுதான். இடையில் யோசிப்பதற்கு அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

"ஓணாங்குளத்துல ஒரு பிள்ளை விடாம வந்திருந்துச்சு" என்றார் யோசனையாக. "பட்டையைப் பாத்து பதிலும் சொல்லுச்சு. ஆனா அங்கங்க தப்பு. இங்க ஒரு தப்புகூட இல்லையே! அந்த போர்டையும் இங்கேயே அனுப்புறேன். அதுலயும் ஒரு பட்டையை இதே மாதிரி ஏத்திக் காட்டுங்க, அடுத்த மாசம் வாறேன்."

பெரிய சாருக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமியார் வீட்டு முதல் இலை கண் முன்னால் விரிந்தது. பாயசத்தில் முந்திரி மிதந்தது.

இரண்டாவது போர்டு வந்து மாட்டியாகிவிட்டது. அதில் எந்தப் பட்டையை ஏற்றுவது? பிள்ளைகள் பட்டைதான் முடிந்துவிட்டதே என்று மூவரும் கூடி யோசித்து, வாசல் கேமரா போட்டு வைத்த ஆசிரியர் வருகைப் படத்தைத் திறந்தார்கள். அதிலும் 'வராதோர்' தரையில் கிடந்தது. பயிற்சி என்ன என்று இந்த முறை கேட்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் மூன்று பேரும் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். பத்து மணி வரை பொறுத்தார்கள். பட்டை ஏறியதா என்று தெரியாமல் பெரிய சாருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போனார். பார்த்தால், 'வராதோர்' தரையோடு கிடக்கிறது. 'வந்தோர்' உச்சியில்.

மறுநாள் ஒன்பது மணிக்கே போய்ப் பார்த்தார்கள். அதே கதை. அதற்கு மறுநாள் எட்டு மணிக்குப் போனார்கள். அப்போதும் அப்படியே.

பெரிய சார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்பலவாணன் போர்டை உற்று உற்றுப் பார்த்து, விரல் விட்டு எண்ணி, கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சார், விஷயம் பிடிபட்டுருச்சு. எவனோ மூணு பேரு தினமும் நமக்கு முன்னாடி உள்ள வந்துட்டுப் போறானுங்க."

"ஓணாங்குளத்து ஆளுகளாத்தான் இருக்கும்" என்று செங்கமலம் டீச்சர் தலையாட்டினார்.

"கோவர்த்தனன் வேலை!" பெரிய சார் துள்ளி எழுந்தார். "நாளைக்குக் கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடியே மூணு பேரும் உள்ள வந்து உக்காந்திருவோம். அந்த மூணு முட்டாப்பயலுகளும் யாருன்னு பாத்துடலாம்."